ஸ்பானருக்கு அடங்கும் கார்

மகளோடு சேர்ந்து ஒரு பழைய காரைக் கழற்றி மாட்டப் போகிறேன் என்று சொன்னதும், கோயமுத்தூரில் கார் தெரிந்த அத்தனை பேரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். பியட் வாங்குங்க, இல்லாட்டி அம்பாசடர். இரண்டுக்கும் சாமான் கிடைக்கும், வேலை தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், முடித்த பிறகு கல்யாணத்துக்கு வாடகைக்குக்கூட விடலாம். நியாயமான யோசனைதான். ஆனால் நாங்கள் வாங்கியது ஸ்டாண்டர்டு ஹெரால்ட். 1969 மாடல், மார்க் 3, நான்கு கதவு. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தேங்காய் மட்டை அடுக்கும் கொட்டகைக்குள் பல வருஷமாக நின்றிருந்த வண்டி.

தேர்ந்தெடுத்தது நான் இல்லை, அவள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. கார்மேல் அவளுக்குத் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்கும் வியாதி உண்டு. வீட்டு மிக்ஸி, என் பழைய டிரான்சிஸ்டர், பக்கத்து வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டர் எல்லாம் அவள் கைக்குப் போய் வந்தவை. அதற்கு முன் பார்த்த பியட்டின் பானெட்டைத் திறந்து காட்டியபோது எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஹெரால்டின் பானெட்டை உரிமையாளர் தூக்கியதும் அவள் முகம் மாறிவிட்டது. அந்த வண்டியில் பானெட் மட்டும் திறக்காது. இரண்டு மட்கார்டு, ஹெட்லைட், கிரில் என்று முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். மிச்சம் இருப்பது நடுவில் இன்ஜின், இரண்டு பக்கமும் சக்கரங்கள், சுற்றிலும் வெட்டவெளி. முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கார்பரேட்டரைக் கழற்றலாம். அவள் உட்கார்ந்தும் பார்த்தாள். "அப்பா, இதுல எல்லாமே தெரியுது" என்றாள்.

ஹெரால்ட் இப்படி எல்லாம் தெரிகிற வண்டியாக அமைந்ததற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கார் பாடி அடித்துக் கொடுத்த பெரிய நிறுவனங்களில் ஒன்று ஃபிஷர் அண்ட் லட்லோ. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் அவர்களிடம்தான் பாடி வாங்கியது. 1953-ல் அந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸும் பாடியும் ஒன்றாகிவிட்ட மோனோகாக் முறைக்கு உலகமே மாறிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்டாண்டர்டுக்கு அப்படி ஒரு பாடியை அடித்துத் தர ஆள் இல்லாமல் போனது. வேறு வழியின்றிப் பழைய முறைக்கே திரும்பினார்கள்: தனியாக ஒரு சேசிஸ், அதன்மேல் வெவ்வேறு இடங்களில் செய்த துண்டுகளை போல்ட் போட்டு இணைத்த பாடி. வடிவம் வரைந்தது இத்தாலியின் ஜியோவானி மிகலாட்டி. 1959-ல், ஸ்டாண்டர்டு கம்பெனிக்குச் சொந்தமான ட்ரையம்ஃப் பெயரில், ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று வெளிவந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அன்றைக்கு அதன் பெரிய விளம்பரம்.

அதே வண்டிதான் 1961-ல் சென்னைக்கு வந்து ஸ்டாண்டர்டு ஹெரால்ட் ஆனது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் செய்தார்கள். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட், நமக்கு ஹெரால்ட். அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றாலே இந்த மூன்றுதான். அதில் ஒன்று மெட்ராஸ்காரன் என்பதை இன்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின்சீட்டில் அம்மாவையும் அத்தையையும் முன்சீட்டை மடக்கி ஏற்றுவது நம் ஊரில் நடக்காது என்று பின்னாளில் இங்கே நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்ட் உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவில்லை. எனக்கு இதில் பெருமைதான். ஆனால் பின்கதவு ஒன்றின் கீழ்ப்பாதி துருப்பிடித்து உதிர்ந்து கையோடு வந்தபோது, இந்தப் பெருமையால் எந்தப் பயனும் இல்லை. ட்ரையம்ஃப் ஹெரால்ட் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. இங்கிலாந்தில் அதற்குச் சங்கங்கள் உண்டு, ரப்பர் புஷ்ஷிலிருந்து சேசிஸ் துண்டு வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நம் பின்கதவை மட்டும் எவனும் செய்ய மாட்டான்.

வண்டி லாரியில் வந்து எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் இறங்கியது. என் ஸ்விஃப்ட் அன்றிலிருந்து தெருவில் நிற்கிறது.

வேலை தொடங்குமுன் ஒரு ஆளைத் தேடிப் பிடித்தோம். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் ஸ்டாண்டர்டு டீலரின் பட்டறை ஒன்றில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, ஹெரால்டும் அதற்குப் பின் வந்த கெஸலுமாகக் கழற்றி வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி, நாங்களும் அப்படியேதான் கூப்பிட்டோம். மகளுக்கு மட்டும் சில வாரத்தில் தாத்தா ஆகிவிட்டார். வாரத்தில் ஒருநாள் வருவார், வேலையைக் காட்டுவார், அடுத்த வாரத்துக்குப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். சம்பளம் பேசியபோது ஒரு நிபந்தனை போட்டார்: "நான் செய்ய மாட்டேனுங்க. செய்யச் சொல்லித் தருவேன். முட்டி போட்டு உக்கார்ற வயசெல்லாம் போச்சு."

இந்த ஏற்பாட்டில் என் இடம் என்ன என்பது சீக்கிரமே தெளிவாகிவிட்டது. நான் பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எந்த மோட்டார் எத்தனை அடி ஆழத்திலிருந்து எத்தனை லிட்டர் தூக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு மோட்டாரைத் திறந்ததில்லை. என் அப்பா மில்லில் ஃபிட்டர். சைக்கிள் ஹப்பைக் கழற்றி, பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாரமலர் படித்தவன். அப்பா கையில் இருந்த வேலை என்னைத் தாண்டிப் பேத்தியிடம் போய்விட்டதோ என்று எங்கள் வீட்டில் கேலி பேசுவார்கள். அவர் கொடுத்து இவள் வாங்கவில்லை. அவர் இறந்தபோது இவளுக்கு மூன்று வயது. ஆனாலும் நட்டு ஒன்று இறுகி நிற்கும்போது ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு உதட்டை மடிக்கிற விதம் அப்படியே அவர்தான். ஆக, மேஸ்திரி ஆசிரியர், அவள் மாணவி, நான் கூலியாள். தூக்குவது, பிடிப்பது, கடைக்குப் போவது, பணம் கொடுப்பது, டீ போடுவது. பிள்ளையோடு சேர்ந்து இப்படி ஒரு வேலை தொடங்க நினைக்கும் அப்பாக்கள் பலர் மனதில் தாங்கள் சொல்லிக்கொடுக்கும் படம்தான் ஓடுகிறது. அந்தப் படத்தை முதலில் அணைத்துவிட்டால் ஷெட்டில் சத்தம் குறையும்.

முதல் சிக்கல் ஸ்பானர். வீட்டில் இருந்த செட் மில்லிமீட்டர். ஹெரால்டில் எல்லாம் இஞ்சு. அரை இஞ்சு நட்டு 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பானர் உட்காரும், ஆனால் லேசான ஆட்டம் இருக்கும், ஐம்பது வருஷத் துருவில் அந்த ஆட்டம் போதும் நட்டின் முனைகளை மழுங்கடிக்க. 7/16 என்பது 11.11, பதினொன்று உள்ளேயே போகாது, பன்னிரண்டு வழுக்கும். உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடித் தேடி இஞ்சு ஸ்பானர்களாகச் சேர்த்தோம், பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாக. எந்தப் பின்னம் பெரியது என்று யோசிக்காமல் 7/16, 1/2, 9/16 என்று வரிசையாகக் கேட்டு வாங்க அவள் பழகியதைப் பார்த்தபோது, அதே பின்னங்களுக்காக ஐந்தாம் வகுப்பில் நாங்கள் இருவரும் அழுத அழுகை நினைவுக்கு வந்தது.

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவது பொறுமையின் வேலை என்று சொல்வார்கள். அதில் பொறுமையைவிட அறிவுதான் அதிகம் என்று மேஸ்திரியைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். இறுகிய நட்டைக் கழற்றும் முன் அவர் அதை இறுக்குவார். நூலளவு இறுகினால் போதும், மரையில் பிடித்திருக்கும் துரு உடையும். அப்புறம் எண்ணெய் உள்ளே இறங்கும். கால் திருப்பு கழற்றினால் அரைக்கால் திருப்பு மீண்டும் இறுக்க வேண்டும். மகள் ஒருமுறை வேகத்தில் ஒரே மூச்சாகத் திருகப்போக, "அம்மணி, அதைய அப்படித் திருகாத கண்ணு. போல்ட்டு முறுகுது பாரு, கைக்குத் தெரியுதா? முறுகுறது வேற, கழல்றது வேற" என்றார். கைக்குத் தெரிந்ததாம். நானும் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாடியைச் சேசிஸிலிருந்து பிரித்த நாள் தெருவில் பாதிப் பேர் ஷெட்டில் இருந்தார்கள். கதவுகள், சீட்டுகள், கண்ணாடி எல்லாம் முன்பே கழற்றியாகிவிட்டது. மிச்சமிருந்த கூட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது, கட்டிலிலிருந்து மெத்தையை எடுப்பது போலத் தனியாக வந்துவிட்டது. கிரேன் இல்லை, வெட்டு இல்லை. கீழே சேசிஸ் மட்டும் நின்றது, இன்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் அதிலேயே மாட்டியபடி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ராக் என்கிற பல் வெட்டிய தண்டு எப்படி நகர்கிறது, சக்கரம் எவ்வளவு அகலமாக வெட்டுகிறது என்று அப்பட்டமாகப் பார்க்கலாம். அந்த 25 அடி வட்டம் எப்படிச் சாத்தியம் என்று அன்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் விளங்கியது. என் மனைவி மட்டும், "இதைத் திரும்ப மாட்டத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

துருவெடுக்கும் வேலையில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்த வீட்டிலும் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் வாஷிங் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் மாட்டித் தொங்கவிட வேண்டும். பாசிட்டிவில் ஒரு வீணாய்ப்போன இரும்புத் துண்டு. இரவு முழுக்க விட்டால் துரு கறுத்து இளகி, பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிர்ந்துவிடும். நல்ல இரும்பு சுரண்டப்படாது. பாசிட்டிவில் எவர்சில்வரை மட்டும் மாட்டக் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழ்கள் வருவதால் மூடிய அறையிலும் வைக்கக் கூடாது. பள்ளியில் மின்னாற்பகுப்பு நடத்தியபோது இவள் எழுந்து கேட்ட கேள்விகளுக்குப் பிறகு அறிவியல் ஆசிரியை எனக்கு போன் செய்து, "வீட்ல என்ன சார் செய்றீங்க?" என்றார்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தக் கால பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பட்டறைகளில் ஏர் அடித்துத் தூசியை ஊதித் தள்ளுவது வழக்கம். மேஸ்திரியும் ஊதி வளர்ந்தவர்தான். இங்கே அவள் பேச்சு செல்லுபடியானது. முகக்கவசம், ஈரத்துணி, துணியை அப்படியே கவரில் கட்டி வைப்பது. "நாங்கெல்லாம் இதைய ஊதித்தான் சோறு தின்னோம்" என்று முனகினாலும் அவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டார்.

ஹெரால்டின் உயிர்நிலை ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது இந்தப் பித்தளைக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. அதில் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கிரேடு கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே கட்டிக்கொள்ளும், கீழே தண்ணீர் தேங்கித் தண்டு அரித்துப்போகும், ஒருநாள் முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கிவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் எந்த நிப்பிளைக் கண்டாலும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்குவதுதான் பழக்கம். ஹெரால்டுக்கு 'சக்கரம் கழன்று ஓடும் வண்டி' என்று கெட்ட பெயர் வந்ததில் இதற்கும் பங்குண்டு என்பது மேஸ்திரியின் கட்சி. எங்கள் வண்டியிலும் ஐம்பது வருஷக் கிரீஸ் கல்லாகக் கிடந்தது. இடதுபக்கத் தண்டில் அரிப்பு நகத்துக்குத் தட்டியது. இரண்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர் திசை. பார்சல் பிரித்ததும் மகள் இரண்டையும் கையில் வைத்துத் திருகிப் பார்த்து, மார்க்கரால் எழுதிய பிறகே கீழே வைத்தாள்.

அந்தக் கெட்ட பெயருக்கு இன்னொரு காரணம் பின்சக்கரங்கள். ஸ்விங் ஆக்ஸில். குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஆள் ஏறினால் சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். பார்த்தவர்களுக்குப் பயம், மெக்கானிக்குகளுக்கு வெறுப்பு. அதனால்தான் 1971-ல் இதே வண்டியைக் கெஸலாக மாற்றியபோது அந்த ஏற்பாட்டைத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் பழகிய முழு ஆக்ஸிலைப் போட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், குழி விழுந்த ரோட்டில் ஹெரால்டின் பின்பக்கம்தான் அன்றைய மூன்று வண்டிகளிலும் மெத்தென்று போயிருக்கும். பியட்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

இன்ஜின் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனது. இந்த விஷயத்தில் கோயமுத்தூர்க்காரனாகப் பிறந்தது கொடுப்பினை. பம்புக்கும் மில்லுக்கும் உதிரி பாகம் செய்தே வளர்ந்த ஊர். எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத் ஓடும், கடையில் கிடைக்காததைக் கடைந்து கொடுப்பார்கள். சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன, 20 தௌ போர் பண்ண, அதாவது துளையை இஞ்சில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதாக்க, வேண்டியிருந்தது. அதற்குமுன் மகள் வெர்னியரை வைத்து அளந்து கணக்குப் போட்டாள். விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 76. ஆரத்தின் வர்க்கம், பை, உயரம், நான்கு சிலிண்டர்: 947.6. ஆர்.சி. புத்தகத்தில் 948 என்று போட்டிருக்கிறது. உருளையின் கன அளவு என்பது தேர்வுக்கு வெளியே உபயோகப்படும் என்பது அவளுக்கு எவ்வளவு ஆச்சரியமோ, எனக்கும் அவ்வளவே. போர் பண்ணிய பிறகு 963. "அப்போ ஆர்.சி. பொய் சொல்லுதா?" என்று கேட்டாள். லேத்காரர் சிரித்துவிட்டு, அந்த அளவு பிஸ்டன் சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய ஸ்டாக்காக இருக்கும் என்று வழி சொன்னார். இருந்தது, மஞ்சள் பூத்த அட்டைப் பெட்டியில், மெழுகுத்தாள் சுற்றி.

வால்வு சீட்டுக்கும் அங்கேயே கடினமான வளையம் இறக்கினோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. ஹெரால்ட் செய்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். வால்வு போய் உட்காரும் இடத்தில் அந்த ஈயம் ஒரு பூச்சாக நின்று தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். அது நமக்கு நல்லது, மென்மையான வார்ப்பிரும்பு சீட்டுக்குக் கெட்டது. இப்போது போதாததற்கு 20 சதவீத எத்தனால். பழைய ரப்பரை எத்தனால் இளக்கிவிடும். பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் சரக்காக மாற்றியாக வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கைக் காலி செய்துவிடுவது உத்தமம், எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு வந்தபோது ஷெட்டுக்குப் பூட்டு என்று வீட்டில் சட்டம். மேஸ்திரி வழக்கம்போல வந்தார். கார்பரேட்டர் பிரித்த நிலையில் தட்டில் கிடந்தது: ஜெட்டுகள், ஃப்ளோட், ஊசி, ஸ்பிரிங்குகள். நாம் இருவரும் மாட்டிவிடலாமே என்றேன். அவர் தட்டின் மேல் ஒரு தினத்தந்தியை விரித்து மூடினார். "அம்மணி பிரிச்சது. அம்மணியே மாட்டட்டும். உங்களுக்கெதுக்குங்க அது?" தேர்வு முடியும்வரை நானும் அவரும் செய்தது சேசிஸுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தது மட்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விட்டுப்போன இடங்களைக் காட்டினார்.

கடைசித் தேர்வு முடிந்த மாலை, சீருடையோடு வந்து தட்டைத் திறந்தாள். எடுத்த வரிசையில் வைத்த பாகங்கள் அப்படியே இருந்தன. அவளிடம் ஒரு நோட்டு உண்டு. கழற்றிய ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து, எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பாள். போன் படங்களும் உண்டு, ஆனால் வரைந்ததைத்தான் முதலில் பார்ப்பாள். மேஸ்திரிக்கு இந்த நோட்டுமேல் ஆரம்பத்தில் ஏளனம். "எழுதி வச்சா கை மறந்துரும். நெஞ்சுல இருக்கோணும்" என்பார். அவரே பின்னாளில், லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு ஸ்பேசர் எங்கே போகும் என்று யோசித்து நின்றபோது, "அந்தப் புஸ்தகத்தைக் கொண்டா" என்றார்.

வயரிங் முழுக்க அவள் ராஜ்யம். நானும் மேஸ்திரியும் வெளியே. கொட்டகையில் எலிகள் பாதியைத் தின்றுவிட்டன. மிச்சத்தை நம்ப முடியாது. இங்கிலாந்துக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் நிறமுறை ஒன்று உண்டு: பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, இக்னிஷன் வழியாக ஃபியூஸ் தாண்டி வருவது பச்சை, ஹெட்லைட் நீலம், பார்க்கிங் விளக்கு சிவப்பு, எர்த் கறுப்பு. அந்த நிறங்களிலேயே வயர் வாங்கி, ஹால் தரையில் முழு நீளத்துக்கு விரித்து, துணி டேப் சுற்றிப் புது ஹார்னஸ் கட்டினாள். ஒரு வாரம் நாங்கள் சாப்பிட அதைத் தாண்டித்தான் போனோம். பழைய வயரிங்கில் ஃபியூஸ் மிகக் குறைவு. கூடுதலாக ஒரு ஃபியூஸ் பாக்ஸ் வைத்தாள். பழைய கார் பிரியர்களுக்கு அது தெய்வக் குற்றம், ஒரிஜினல் இல்லையாம். பாகங்களைச் சரியாக மாட்டியவளுக்கு அதை மாற்றவும் உரிமை உண்டு என்பது என் கட்சி. டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடித்து எரிந்த ஒரிஜினலைவிட எரியாத டூப்ளிகேட் மேல்.

செலவைக் கேட்பவர்களுக்கு: முடிந்த ஹெரால்டின் சந்தை விலையைவிட அதை முடிக்க ஆகும் செலவு நிச்சயம் அதிகம். முதலீடு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டிங்கர் வேலையும் பெயிண்டும்தான் பணத்தை விழுங்கும். இன்ஜின் அவ்வளவு இல்லை.

காகித விஷயம் ஒன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும், முன்பே பதிவான வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. எங்களுக்கு அது வேண்டாம். மூன்று எழுத்து நம்பரோடு சாதாரண ஆர்.சி.யையே புதுப்பிக்கிறோம். பொள்ளாச்சிக்குப் போய் இளநீர் குடித்துவிட்டு வர முடியாத காரை எதற்காக இத்தனை பாடுபட்டு மாட்ட வேண்டும்?

இன்ஜின் இப்போது ஓடுகிறது. முதல்நாள் அடித்தபோது டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியை 15 தௌவுக்கு ஃபீலர் கேஜால் வைத்தது அவள், சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் வயர் மாட்டியது அவள், ஸ்டார்ட்டரை இழுத்தது மேஸ்திரி. நான் தீயணைப்பானோடு நின்றேன். முதலில் கார்பரேட்டர் வழியாக ஒரு வெடி, அப்புறம் மௌனம். டைமிங்கைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டம்மா புகைக்குப் புகார் சொல்ல வந்து, அரைமணி நேரம் நின்று, அவர்கள் வீட்டில் ஹெரால்டில் சம்பந்தம் பேச வந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி பின்கதவு. பழைய கதவின் நல்ல பாதியை அச்சாக வைத்துத் தகடு தட்டித் தர ஒரு டிங்கர் ஒப்புக்கொண்டிருக்கிறார், தன் வேலையை முடித்துவிட்டு வருவதாக. டிங்கர்கள் அப்படிச் சொன்னால் ஆடியா ஐப்பசியா என்று கேட்கக் கூடாது. அதற்குப்பின் பாடியைச் சேசிஸில் ஏற்றி, போல்ட்டுகளுக்கு அடியில் தகடுகளைக் கூட்டிக் குறைத்து நான்கு கதவுக்கும் இடைவெளி சரிபார்க்க வேண்டும். ஒரு மூலையை உயர்த்தினால் எதிர்மூலைக் கதவு இடிக்கும். இதற்கு மட்டும் ஒரு பருவம் போகும் என்கிறார் மேஸ்திரி. நிறம் முடிவாகவில்லை. ஆர்.சி.யில் இருப்பது வெளிர்நீலம், நானும் அதையே கேட்கிறேன். அவளுக்கு அடர்சிவப்பு. ஓட்டுபவள் நான்தானே என்கிறாள். லைசென்ஸ் எடுக்க அவளுக்கு இன்னும் வயசு வரவில்லை, அதுவரை ஓட்டப்போவது நான் என்றேன். மேஸ்திரியிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல கதவு சாத்தட்டுமுங்க" என்றார்.